மனநிறைவு வேறு, மெத்தனம் வேறு



ஆங்கிலத்தில் ‘கம்ப்ளேசன்ஸ்’ என்று ஒரு சொல், ‘கம்ப்ளேசன்சி’ என்று இன்னொரு சொல் இருக்கின்றன. கடைசி எழுத்தில்தான் வித்தியாசம். லத்தீன் மொழியில் ‘மிகவும் பிடித்துப்போவது, மனம் மகிழ்வது’ என்ற பொருள் உள்ள ஒரே வேரிலிருந்து இரண்டும் வந்தவை. மூத்தது பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. இளையது பதினேழாம் நூற்றாண்டில் வந்தது.

ஆரம்பத்தில் இரண்டுக்கும் நல்ல பொருள்தான். மகிழ்ச்சி, மன அமைதி, திருப்தி என்று பொருள். காலம் போகப் போக அந்தப் பொருள் மாறிவிட்டது. ‘வரப்போகும் ஆபத்தைக் கவனிக்காமல், தன்னைத் தானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பது’ என்பதே இன்று பொருள். அகராதியைப் புரட்டினால் இரண்டு சொற்களுக்கும் ஏறத்தாழ ஒரே விளக்கம்தான் இருக்கும். மூத்த சொல்லை இன்று அதிகம் பேர் எழுதுவதில்லை. இளைய சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. வங்கி மேலாளரோ ஆடிட்டரோ நம்மைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால், பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எச்சரிக்கிறார்.

மளிகைக் கடைக்காரருக்கு இந்த ஆங்கில இலக்கணம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ‘மனநிறைவு’ என்ற பொருளில் பிறந்த ஒரு நல்ல சொல், யாரும் கவனிக்காமலேயே ‘மெத்தனம்’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததுதான் பல கடைகளுக்கும் நேர்கிறது. முப்பது வருடம் பாடுபட்டு ஒரு மனிதர் திருப்தியோடு கல்லாவில் உட்காருகிறார். அந்தத் திருப்தி எந்தத் தேதியில் மெத்தனமாக மாறியது என்று அவருக்கே தெரிவதில்லை. தெரிய வரும்போது கடை வாடகை கட்டப் பணம் இருப்பதில்லை.

தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது. திருப்தி, மனநிறைவு என்பவை ஒரு பக்கம். மெத்தனம், அசட்டை, மிதப்பு என்பவை இன்னொரு பக்கம். திருவள்ளுவர் இதற்கென்றே பொருட்பாலில் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். 54-ஆவது அதிகாரம், பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி. வயதானால் வரும் மறதியை அவர் சொல்லவில்லை. மகிழ்ச்சி மிகுதியால் கடமையை மறப்பதைத்தான் சொல்கிறார். அளவு கடந்த கோபத்தைக் காட்டிலும் அந்த மறதி கெடுதலானது என்று முதல் குறளிலேயே எச்சரிக்கிறார். அரசனுக்குச் சொன்ன புத்திமதி அது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படியே பொருந்தும்.

போதும் என்ற மனம்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மனநிறைவு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பது நம் பெரியவர்கள் வாக்கு. அந்த மனம் இல்லாததால் வந்த நஷ்டத்தையும் கொங்கு நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி நிறுவனங்கள் மாதாமாதம் பணம் தருகிறோம், வருடம் முடிந்தால் போனஸ் தருகிறோம் என்று விளம்பரம் செய்தன. 2012 ஆகஸ்டில் அவை ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்தன. பணம் போட்டவர்களில் விவசாயிகள் உண்டு, ஓய்வு பெற்றவர்கள் உண்டு, நம்மைப் போன்ற வியாபாரிகளும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையின் முதலை எடுத்து, தனக்குத் தெரியாத தொழிலில் போட்டார்கள். கடையில் கிடைக்கும் எட்டு ரூபாய் லாபம் அவர்கள் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்தது.

ஆகவே மனநிறைவு வியாபாரிக்கு ஒரு காவல். ஆசை காட்டுகிறவனிடமிருந்து அது நம்மைக் காப்பாற்றும். ஆனால் காவல்காரன் தூங்கிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் மெத்தனம்.

பதினைந்தாயிரம் கடைகள் போன கதை

உலகத்திலேயே பெரிய மளிகைக் கடை என்று பெயர் எடுத்த ஒரு நிறுவனத்தின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1859-ல் நியூயார்க் நகரில் தேயிலை வியாபாரமாகத் தொடங்கியது அது. ‘கிரேட் அட்லாண்டிக் அண்ட் பசிபிக் டீ கம்பெனி’ என்று பெயர். சுருக்கமாக ‘ஏ அண்ட் பி’ என்பார்கள். 1930 வாக்கில் அதற்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு அதன் பலகைதான்.

அதே 1930-ல் மைக்கேல் கல்லன் என்பவர் நியூயார்க்கில் ஒரு பெரிய கடை திறந்தார். வாடிக்கையாளர் தாமே சரக்கை எடுத்துக்கொள்ளலாம், கார் நிறுத்த இடம் உண்டு, விலையும் குறைவு. சூப்பர் மார்க்கெட் என்று இன்று நாம் சொல்வதற்கு முன்னோடி அந்தக் கடைதான். இந்த யோசனையை அவர் முதலில் தாம் வேலை பார்த்த வேறொரு பெரிய மளிகை நிறுவனத்துக்குக் கடிதமாக எழுதினார். அங்கே யாரும் காது கொடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு அவரே தொடங்கிவிட்டார்.

ஏ அண்ட் பி நிறுவனம் அப்போது விழித்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஜான் ஹார்ட்ஃபோர்ட், ஜார்ஜ் ஹார்ட்ஃபோர்ட் என்ற சகோதரர்கள் அதை நடத்தி வந்தார்கள். ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளை மூடிவிட்டு, அவர்களும் பெரிய கடைகளுக்கு மாறினார்கள். அண்ணன் ஜார்ஜ் வயதான காலத்திலும் காப்பி மாதிரிகளைத் தாமே சுவைத்துப் பார்ப்பாராம். பல கோடிக்கு அதிபதி, ஆனால் காப்பித் தூளின் தரத்தை அடுத்தவர் நாக்கில் விடவில்லை. தம்பி 1951-லும் அண்ணன் 1957-லும் காலமானார்கள்.

பின்னால் வந்தவர்கள் லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில் குறியாக இருந்தார்கள். ஜனங்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். கம்பெனியோ பழைய இடத்தில், பழைய கட்டடத்தில் உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர் கேட்ட சரக்கை விட்டுவிட்டுத் தங்கள் சொந்தச் சரக்கையே அலமாரியில் அடுக்கினார்கள். 1970-களில் முதலிடம் கைமாறியது. 2010-ல் ஒரு முறை, 2015-ல் மறுமுறை திவால் மனு. 2015 முடிவதற்குள் கடைகள் எல்லாம் விற்கப்பட்டன, அல்லது பூட்டப்பட்டன. 156 வருடப் பெயர் அதோடு முடிந்தது.

ஒரே நாளில் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐம்பது வருடம் எடுத்துக்கொண்டது. அந்த ஐம்பது வருடத்தில் பல வருடங்கள் லாபம் வந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் அவர்கள் கண்ணை மறைத்தது.

நம் பக்கத்து ஊர்ப் பாடம்

அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் தொழிலால் அந்த ஊர் அடைந்த வளர்ச்சி நமக்கெல்லாம் பெருமை. பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி நடந்த காலத்தில் சாயக்கழிவு நொய்யலில் ஓடிக்கொண்டிருந்தது. ஈரோடு, கரூர் மாவட்டப் பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கியது. கிணறு கெட்டது, தென்னை காய்ந்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. தவணை கொடுத்தது, தவணை நீண்டது. ‘இத்தனை பேர் பிழைக்கிற தொழிலை யார் மூடுவார்கள்’ என்ற பேச்சுதான் எங்கும்.

2011 ஜனவரி 28-ம் தேதி உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். சாயப்பட்டறை முதலாளிகளோடு அது நிற்கவில்லை. அந்தத் தொழிலாளர்களுக்கு அரிசி, எண்ணெய் கொடுத்த மளிகைக் கடையும் அடி வாங்கியது. அந்தக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பிய எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளின் நிலுவையும் அங்கங்கே நின்றுபோனது.

திருப்பூர்க்காரர்கள் சோர்ந்துவிடவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்தார்கள். சுத்திகரித்த தண்ணீரை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறைக்கு மாறினார்கள். இன்று அதையே பெருமையாக வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொல்லி ஆர்டர் வாங்குகிறார்கள். செய்ய முடிந்த வேலைதான். முன்னாலேயே செய்திருந்தால் அந்த அடி விழுந்திருக்காது.

இரண்டு கடைகள்

இனி நம் தெருவுக்கு வருவோம். எனக்குப் பழக்கமான இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள் உண்டு. ஊரும் பேரும் வேண்டாம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் ரங்கே கவுடர் வீதியில்தான் கொள்முதல் செய்தார்கள். ‘வியாபாரம் எப்படிங்க?’ என்று கேட்டால் இருவரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘போதுமுங்க, சாமி புண்ணியத்துல ஓடுதுங்க.’

முதலாமவர் அமாவாசை தவறாமல் கடையைக் கழுவி, பூஜை போட்டு, அன்றைக்கே சரக்கு இருப்பையும் கணக்கெடுப்பார். பருப்பு மூட்டை எத்தனை, சோப்பு எத்தனை டஜன், தேதி முடியப்போகும் பிஸ்கட் எத்தனை என்று நோட்டில் எழுதுவார். பக்கத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தபோது அவர் பதறவில்லை. அங்கே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். ‘அங்க பாக்கெட் மாவு வாங்குறாங்க. நம்மகிட்ட அரைச்ச மசாலா கேக்குறாங்க. நாம அதைச் செய்வோமுங்க’ என்றார். மகனை உட்கார வைத்து, போனில் ஆர்டர் எடுத்து மாலைக்குள் வீட்டில் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

இரண்டாமவர் நல்ல மனிதர். பொய் எடை கிடையாது. ஆனால் ‘எங்கப்பா காலத்துக் கடைங்க. நம்மளை விட்டு எங்க போயிருவாங்க?’ என்பார். கணக்கு மனதில். இருப்பு கண்ணளவில். கடன் நோட்டில் மூன்று வருடப் பாக்கி. கடை இப்போது வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அதில் செல்போன் ரிப்பேர் கடை நடக்கிறது.

இருவரும் ‘போதும்’ என்றுதான் சொன்னார்கள். முதலாமவர் கணக்குப் பார்த்த பிறகு சொன்னார். இரண்டாமவர் கணக்குப் பார்க்காமல் சொன்னார். என் அனுபவத்தில் மனநிறைவுக்கும் மெத்தனத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் கடையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளச் சில கணக்குகள் உண்டு. அதிகப் படிப்பு தேவையில்லை.

முதலாவது, விற்பனையை ரூபாயில் மட்டும் பார்க்காதீர்கள், மூட்டையிலும் பாருங்கள். போன வருடம் ஒரு மாதத்தில் 1,200 ரூபாய் விலையில் 100 சிப்பம் அரிசி விற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 1,20,000 ரூபாய். இந்த வருடம் விலை 1,400 ரூபாய். விற்றது 90 சிப்பம். வரவு 1,26,000 ரூபாய். கல்லாவைப் பார்த்தால் வியாபாரம் கூடியிருக்கிறது. உண்மையில் பத்து சிப்பம், அதாவது சில குடும்பங்கள், வேறு கடைக்குப் போய்விட்டன. விலைவாசி ஏற்றம் நம் மெத்தனத்துக்குப் போர்வை போர்த்திவிடும்.

இரண்டாவது, வராமல் போனவர்களின் பட்டியல். வாடிக்கையாளர் நம்மிடம் சண்டை போட்டுவிட்டுப் போவது அபூர்வம். சொல்லாமல் நின்றுவிடுவார். மாத லிஸ்ட் கொடுக்கும் வீடுகளின் பெயரை எழுதி வையுங்கள். இரண்டு மாதம் லிஸ்ட் வரவில்லை என்றால், வழியில் பார்க்கும்போது ‘என்னக்கா, கடைப் பக்கமே காணோம்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் கசப்பாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கடன் பாக்கி. நூறு ரூபாய் விற்றால் எட்டு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், வராத நூறு ரூபாய்ப் பாக்கியை ஈடுகட்ட 1,250 ரூபாய்க்கு மறுபடி விற்க வேண்டும். கடன் கொடுக்காமல் நம் வியாபாரம் நடக்காது. எவ்வளவு என்பது தெரிய வேண்டும். எத்தனை நாள் பழையது என்பதும் தெரிய வேண்டும்.

நான்காவது, இருப்பு. 2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, பற்பசை, ஷாம்பு 18 சதவீதத்திலிருந்து 5-க்கும், நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கும் வந்தன. தன்னிடம் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த கடைக்காரர் அன்றைக்கே விலையைத் திருத்தி எழுதினார். தெரியாதவர் வாடிக்கையாளர் கையில் இருந்த செய்தித்தாளைப் பார்த்து விழித்தார். வரி இன்னொரு முறை மாறாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஐந்தாவது, காகிதங்கள். தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜி.எஸ்.டி. படிவம், கடை இன்சூரன்ஸ் ஆகியவற்றின் தேதிகளை ஒரே அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டுங்கள். அதிகாரி வந்த பிறகு தேடுவதும் மெத்தனத்தின் ஒரு வகை.

இந்த ஐந்தையும் பார்த்துவிட்டு, ‘சரி, பரவாயில்லை’ என்று தோன்றினால் நிம்மதியாகத் தூங்குங்கள். அந்தத் தூக்கம் உங்கள் உழைப்புக்குக் கிடைத்த கூலி. பார்க்காமலே நிம்மதி வருகிறது என்றால் அதை நம்ப வேண்டாம்.

மூன்றாவது சொல்

நான் முதலில் சொன்ன அதே லத்தீன் வேரிலிருந்து, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இன்னொரு சொல்லும் உண்டு. ஓசையில் ஏறக்குறைய அதே போலத்தான் இருக்கும்; எழுத்துக்கூட்டில்தான் வேறுபடும். ‘கம்ப்ளேய்சன்ஸ்’ என்று அதை எழுதலாம். பொருளோ நேர் எதிர். பிறர் மனம் மகிழும்படி நடந்துகொள்வது, இணங்கிப் போவது என்று அர்த்தம்.

வேர் ஒன்றுதான், மகிழ்வது. தன்னைப் பார்த்தே மகிழ்ந்துகொண்டிருந்தால் மெத்தனம். எதிரே பையோடு நிற்பவரை மகிழ வைக்கப் பார்த்தால் அதன் பெயர் வியாபாரம். இதிலும் ஓர் அளவு உண்டு. எதற்கும் தலையாட்டி, கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுப்பது இணக்கம் ஆகாது, பலவீனம் ஆகிவிடும்.

கொங்கு நாட்டு வியாபாரி யாருடைய தயவிலும் வளர்ந்தவர் அல்லர். மழை பொய்த்தால் ஏற்றம் போட்டார்கள். பஞ்சு விளைந்தால் மில் வைத்தார்கள். கோவையில் 1888-லேயே நூற்பாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. மோட்டார், பம்பு என்று தொழில்கள் தொடர்ந்தன. ஒவ்வொரு முறையும் கையில் இருந்தது போதும் என்று யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

இன்று நம் முன்னால் நிற்பது பத்து நிமிடத்தில் வீட்டுக்கே சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் பெரிய முதலாளிகள். அவர்களிடம் பணம் இருக்கிறது. நம்மிடம், எந்த வீட்டில் சர்க்கரை நோய், எந்த வீட்டில் சீமந்தம், எந்த வீட்டுக்கு மாதக் கடைசி என்ற விவரம் இருக்கிறது. அந்த விவரம் நம் மூலதனம். அதை மனதில் பூட்டி வைத்துக்கொண்டு, ‘நம்மளை விட்டு எங்க போவாங்க’ என்று இருந்தால் வட்டி சேராது. வரும் அமாவாசைக்குக் கடையைக் கழுவும்போது, பழைய பேரேட்டையும் கீழே இறக்கித் தூசி தட்டுங்கள். வராமல் போன பத்து வீடுகளின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதில் இரண்டு வீடு திரும்பி வந்தாலும், அன்றைக்கு வரும் திருப்திக்கு ஈடு கிடையாது.